தினத்தந்தி டேப்லாய்டா? பத்திரிகை நடை பற்றி ஒரு பதில்

இதழியல் படிக்கும் ஒருவரின் கேள்வி இது: "டேப்லாய்டும் பிராட்ஷீட்டும் வெவ்வேறு வாசகர்களுக்காக எழுதப்படுகின்றன என்று பாடத்தில் இருக்கிறது. எழுத்தில் அது எப்படித் தெரியும்? தினத்தந்தி பெரிய தாளில்தானே வருகிறது, அதை ஏன் டேப்லாய்டு நடை என்கிறார்கள்?"

இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். டேப்லாய்டு என்றால் சின்னத் தாளில் வரும் பரபரப்புப் பத்திரிகை, பிராட்ஷீட் என்றால் பெரிய தாளில் வரும் கனமான பத்திரிகை என்பது பொதுவான அர்த்தம். அதனால் தாளின் அளவிலிருந்து தொடங்குகிறேன், அதைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளவும் செய்கிறேன்.

பிரிட்டனில் 1712-ல் பத்திரிகைகளுக்கு முத்திரை வரி வந்தது. தாளுக்கு இவ்வளவு என்று வரி போட்டதால், தாளைப் பெரிதாக்கி அதற்குள் எல்லாவற்றையும் அடைப்பது லாபமாக இருந்தது. 1855-ல் வரி ஒழிந்தது, பெரிய தாள் பழகிப்போய் நின்றுவிட்டது. கனமான பத்திரிகை என்றால் பெரிய தாள் என்ற எண்ணம் அப்படி ஊறியதுதான். ஆனால் 1890-களில் நியூயார்க்கில் புலிட்சரின் வேர்ல்டும் ஹெர்ஸ்ட்டின் ஜர்னலும் போட்டி போட்டுப் பரபரப்பு விற்று, 'மஞ்சள் பத்திரிகை' என்ற பெயரையே உலகத்துக்குக் கொடுத்தபோது, இரண்டுமே பெரிய தாளில்தான் வந்தன. எதிர்ப்பக்கம் பாருங்கள்: லண்டனின் இண்டிபெண்டன்டும் டைம்ஸும் 2003-ல் சின்ன அளவுக்கு மாறத் தொடங்கின, கார்டியன் 2005-ல் நடுத்தர அளவுக்கு வந்து, 2018 ஜனவரியில் டேப்லாய்டு அளவுக்கே வந்துவிட்டது. அவற்றின் நடை அப்படியேதான் இருந்தது. மாறிய சமயத்தில் இண்டிபெண்டன்டும் டைம்ஸும் தங்கள் அளவை 'காம்பாக்ட்' என்றுதான் சொல்லிக்கொண்டன. டேப்லாய்டு என்ற சொல்லே அவற்றுக்குக் கூசியது. இன்று பிரிட்டனில் பெரிய தாளைப் பிடித்துக்கொண்டிருக்கும் தேசிய நாளிதழ்களில் டெய்லி டெலிகிராபும் ஃபைனான்சியல் டைம்ஸும்தான் குறிப்பிடத்தக்கவை.

ஆகவே அளவை விட்டுவிடுவோம். வாக்கியம் எவ்வளவு நீளம், எந்தச் சொல், எது முதலில் வரவேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது, பத்திரிகை எப்படி வாசகர் கைக்குப் போகிறது, காசு யாரிடமிருந்து வருகிறது என்ற இரண்டு விஷயங்கள். 'படித்தவர்களுக்கு ஒன்று, படிக்காதவர்களுக்கு ஒன்று' என்று பாடநூல்கள் சொல்வது முழுத் தவறில்லை, ஆனால் பாதிதான்.

ஒரு சான்று. லண்டன் டைம்ஸ் 1966 மே 3 வரை தன் முதல் பக்கத்தில் செய்தியே போடவில்லை. வரி விளம்பரங்கள்தான்! பிறப்பு, இறப்பு, வேலைக்கு ஆள் தேவை, காணாமல் போன நாய். உலகப் போர் மூண்டாலும் உள்ளே திருப்பித்தான் படிக்க வேண்டும். எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? அதன் வாசகர் கடையில் நின்று எதை வாங்கலாம் என்று யோசிப்பவர் இல்லை. வீட்டுக்கு, கிளப்புக்கு, அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் போய்ச் சேரும் தாள் அது. முதல் பக்கம் யாரையும் கூவி அழைக்க வேண்டியதில்லை. தினமும் புதிதாக வாசகரைப் பிடிக்க வேண்டிய தாளுக்கு இந்த வசதி கிடையாது.

அடுத்தது காசு. பிராட்ஷீட்டுகளின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது. பங்குச் சந்தையில் பணம் போடுகிறவர், வீடு வாங்குகிறவர், ஆட்களை வேலைக்கு எடுக்கும் அதிகாரி ஆகியோர் கையில் தாள் இருந்தால் போதும். சில லட்சம் பிரதிகளிலேயே வண்டி ஓடும். டேப்லாய்டுகள் நம்பியிருந்தது தாள் விற்ற சில்லறையை. அதற்கு லட்சம் போதாது, கோடியை நோக்கிப் போக வேண்டும். 1960-களில் டெய்லி மிரர் நாளொன்றுக்கு 50 லட்சம் பிரதிகள் விற்றது. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரிய வேண்டும், பிடிக்கவும் வேண்டும் என்றால் வாக்கியம் குட்டையாகத்தான் இருக்கும்.

இந்த வித்தையை முதலில் ஒழுங்காகச் செய்துகாட்டியவர் ஆல்பிரட் ஹார்ம்ஸ்வொர்த். 1896 மே 4-ல் அவர் தொடங்கிய டெய்லி மெயிலின் விலை அரைப் பென்னி. நேரமில்லாதவர்களுக்கான தாள் என்றே விளம்பரம் செய்தார். 1870-ன் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் போன தலைமுறை வளர்ந்து, ரயிலேறி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தது. அவர்கள் கையில் அரை மணி நேரமும் அரைப் பென்னியும் இருந்தன. 1903-ல் அவரே டெய்லி மிரரைப் பெண்களுக்கான தாளாக ஆரம்பித்துக் கையைச் சுட்டுக்கொண்டார். சில மாதங்களில் அதைப் படப் பத்திரிகையாக மாற்றினார், பிழைத்துக்கொண்டது. 1930-களில் அதே மிரர் தடித்த கறுப்புத் தலைப்பு, பெரிய படம், தொழிலாளி பேசும் மொழி என்று இன்னொரு அவதாரம் எடுத்தது.

இந்த மிரரிலிருந்துதான் நம் ஊருக்கு நேர்க்கோடு போகிறது. லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்த சி.பா. ஆதித்தனாருக்கு இப்படி ஒரு தாளைத் தமிழில் கொண்டுவரும் எண்ணம் மிரரைப் பார்த்து வந்தது என்பது பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி. 1942-ல் மதுரையில் 'தந்தி' தொடங்கினார், இன்றைய தினத்தந்தி அதுதான். அப்போது தமிழில் நாளிதழ் இல்லாமலில்லை. சுதேசமித்திரன் இருந்தது, 1934 முதல் தினமணி இருந்தது. இரண்டும் அரசியலும் தேசமும் பேசிய தாள்கள். தலையங்கம் படிக்கிறவருக்காக எழுதப்பட்டவை.

ஆதித்தனார் வேறு ஆளைப் பிடித்தார். 1951 கணக்கெடுப்பில்கூடத் தமிழ்ப் பகுதியில் எழுத்தறிவு ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான். அப்படியிருக்க ஒரு தாள் எத்தனை பேருக்குப் போகும்? டீக்கடையிலும் சலூனிலும் ஒருவர் படிக்க நாலைந்து பேர் கேட்டார்கள். தந்தியின் வாக்கியம் காதுக்காக எழுதப்பட்டது என்று நான் நினைப்பது இதனால்தான். காதால் கேட்பவர் முந்தைய வரிக்குத் திரும்பிப் போய்ப் படிக்க முடியாது. எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேட வைத்தால் போச்சு. ஒரு வாக்கியத்தில் ஒரு சேதி. அது முடிந்த பிறகு அடுத்தது.

சொற்களைப் பாருங்கள், இது இன்றும் அப்படியே இருக்கிறது. தந்தியில் 'ஐகோர்ட்டு', 'சுப்ரீம் கோர்ட்டு', 'ஆஸ்பத்திரி', 'சட்டசபை', 'வாலிபர்'. தினமணியிலும் இந்து தமிழ் திசையிலும் 'உயர் நீதிமன்றம்', 'உச்ச நீதிமன்றம்', 'மருத்துவமனை', 'சட்டப்பேரவை', 'இளைஞர்'. தந்தி 'முதல்-அமைச்சர்' என்று சிறுகோடு போட்டு எழுதும், மற்றவர்கள் 'முதல்வர்' என்பார்கள். தந்தியில் 'தேடி வருகிறார்கள்', தினமணியில் 'தேடி வருகின்றனர்'. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1958-ல் நாம் தமிழர் இயக்கம் கண்டு, தமிழருக்குத் தனி நாடு கேட்டவர் ஆதித்தனார். அவர் தாளில் 'கோர்ட்டு'ம் 'ஆஸ்பத்திரி'யும்! கொள்கை வேறு, வாசகர் வாயில் புழங்கும் சொல் வேறு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. பேசுகிறபடி எழுது, கொச்சையை மட்டும் நீக்கு என்பதுதான் அவர் தன் நிருபர்களுக்கு வகுத்த வழி.

பேச்சு போதும், ஒரே சம்பவத்தை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன். முழுக்கக் கற்பனைதான், ஊரும் பெயரும் தேட வேண்டாம். முதலில் டேப்லாய்டு நடை. ஒற்று விடுபட்டிருப்பது என் பிழையல்ல, அந்த நடையில் அப்படித்தான் வரும்.

அடகு வைத்த 2 கிலோ நகை மாயம்
கூட்டுறவு சங்க செயலாளர் ஓட்டம்
மகள் கல்யாணத்துக்கு மீட்க வந்த விவசாயி கதறல்

"கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்திருந்த 2 கிலோ தங்க நகைகளுடன் தலைமறைவான செயலாளரை போலீசார் வலைவீசி தேடி வருகிறார்கள். இதுபற்றிய விவரம் வருமாறு:-

விவசாயி முருகேசன் (வயது 52). இவருடைய மகளுக்கு அடுத்த மாதம் திருமணம் நடக்க இருக்கிறது. இதற்காக, சங்கத்தில் அடகு வைத்திருந்த 9 பவுன் நகையை மீட்க நேற்று காலை பணத்துடன் சென்றார். பெட்டகத்தை திறந்து பார்த்த ஊழியர்கள் அதிர்ச்சி அடைந்தனர். பைகள் இருந்தன. உள்ளே நகைகள் இல்லை.

முற்றுகை

இதை கேட்டதும் முருகேசன் தலையில் அடித்துக்கொண்டு கதறி அழுதார். தகவல் காட்டுத்தீ போல் பரவியது. நகை அடகு வைத்த பெண்கள் திரண்டு வந்து சங்கத்தை முற்றுகையிட்டனர்."

இப்போது பிராட்ஷீட்.

கூட்டுறவுச் சங்கத்தில் நகைக் கடன் முறைகேடு: செயலாளர் மீது வழக்கு

"தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினர்கள் அடமானம் வைத்த சுமார் 2 கிலோ தங்க நகைகள் காணாமல் போனது தொடர்பாக, சங்கச் செயலாளர் மீது வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவு போலீஸார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்.

இச்சங்கத்தில் கடந்த இரு ஆண்டுகளாக முறையான தணிக்கை நடைபெறவில்லை என உறுப்பினர்கள் ஏற்கெனவே புகார் தெரிவித்திருந்தனர். இந்நிலையில், இணைப் பதிவாளர் உத்தரவின்பேரில் சார்பதிவாளர் தலைமையிலான குழுவினர் பெட்டகத்தில் உள்ள நகைகளைச் சரிபார்க்கும் பணியை மேற்கொண்டுள்ளனர்."

பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். முதல் செய்தியில் தணிக்கை நடக்காதது எங்கும் இல்லை. இரண்டாவதில் முருகேசன் இல்லை. ஐந்தாம் பத்தியில் 'பாதிக்கப்பட்ட உறுப்பினர்கள்' என்ற இரண்டு சொல்லுக்குள் அவரும் மகள் கல்யாணமும் அடங்கிப்போயிருக்கும். முதலாவது நடந்ததைச் சொல்கிறது: யார், என்ன வயது, எத்தனை பவுன், எப்படி அழுதார். இரண்டாவது அது எப்படி நடக்க முடிந்தது என்பதை நோக்கிப் போகிறது. முருகேசனைத் தெரிந்துகொண்ட வாசகர் மாலை டீக்கடையில் அதைச் சொல்லுவார். தணிக்கை விவகாரத்தைத் தெரிந்துகொண்டவர் மாவட்டத்தில் இன்னும் எத்தனை சங்கங்கள் இப்படி என்று கேட்பார். இரண்டும் தேவையான வேலைகள்தான், என் கட்சி இது.

தலைப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 'செயலாளர் ஓட்டம்' என்பது தீர்ப்பு. 'செயலாளர் மீது வழக்கு' என்பது பதிவு. அந்தச் செயலாளர் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு மறுநாள் வந்து நின்றால் முதல் பத்திரிகைக்குச் சிக்கல், இரண்டாவதற்கு ஒன்றுமில்லை. பிராட்ஷீட் நடையின் மந்தம் என்று நாம் கிண்டல் செய்வதில் பாதி இந்த எச்சரிக்கையால் வருவது. 'தொடர்பாக', 'கூறப்படுகிறது', 'தெரிகிறது' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாங்குகட்டை.

தலைப்புச் சொற்களின் நீளமும் தற்செயலில்லை. லண்டன் டேப்லாய்டுகளில் பக்கம் சின்னது, எழுத்தோ பெரிது. நாலைந்து எழுத்துக்கு மேல் போகும் சொல்லுக்கு இடமே இல்லை. அதனால் விசாரணை, பதவி நீக்கம், கண்டனம், முயற்சி என எல்லாவற்றுக்கும் ஓரசைச் சொற்கள் தலைப்புக்கென்றே புழக்கத்துக்கு வந்தன. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, தலைப்பில் மட்டும் உயிரோடு இருக்கும் மொழி அது. தமிழில் சொல் அவ்வளவு சுருங்காது. ஆனால் 'பலி' இருக்கிறது. இரண்டே எழுத்து; பக்கத்தின் எட்டுப் பத்தி அகலத்துக்கும் பெரிதாகப் போட்டு மேலே ஒரு எண்ணிக்கையை வைத்தால் கடை வாசலில் தொங்கும் போஸ்டரிலேயே செய்தி முடிந்துவிடும். 'உயிரிழப்பு' அந்த அளவில் அடங்காது. 'மாயம்', 'சாவு', 'கைது', 'சிக்கினார்', 'கைவரிசை' எல்லாம் இந்தக் குடும்பம். அந்தப் போஸ்டரை மறந்துவிட்டுத் தமிழ்ப் பத்திரிகைத் தலைப்பைப் பற்றிப் பேசவே முடியாது. சைக்கிளில் போகிறவர் மிதிப்பதை நிறுத்தாமல் படித்துவிட்டு, பத்தடி தள்ளிக் காலூன்றித் திரும்பி வந்து தாள் வாங்க வேண்டும். போஸ்டருக்கு உள்ள வேலை அதுதான்.

பெயருக்குப் பக்கத்தில் வயது வருவதும் அப்படியே. பிரிட்டிஷ் டேப்லாய்டில் ஒருவர் பெயர் வந்தால் வயதும் கூடவே ஒரு அடைமொழியும் வரும்: இரண்டு பிள்ளைகளின் தாய், லாரி ஓட்டுநர், முன்னாள் ராணுவ வீரர். தந்தியில் '(வயது 52)'. அதிகாரப் பதவி எதுவும் இல்லாதவரை வாசகர் சட்டென்று மனத்தில் நிறுத்திக்கொள்ள அதுதான் வழி. பிராட்ஷீட்டில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் பதவி இருக்கும். இணைப் பதிவாளரின் வயதை யாரும் கேட்பதில்லை.

இனி இந்த நடை எங்கே பிசகும் என்பதற்கு வருகிறேன். லண்டன் சன் பத்திரிகையை விட்டு இதைப் பேச முடியாது. 1969-ல் ரூபர்ட் மர்டாக் அதை வாங்கி டேப்லாய்டு ஆக்கினார். 1981-ல் அதே மர்டாக் டைம்ஸையும் வாங்கினார். ஒரே முதலாளி, 1986-க்குப் பிறகு லண்டனின் வாப்பிங் பகுதியில் ஒரே வளாகம், ஆனால் இரண்டு வேறு மொழிகள். நடை என்பது எழுதுகிறவரின் திறமை சம்பந்தப்பட்டதல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

1982 மே மாதம் ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ கப்பலைப் பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்தது. சன்னின் முதல் பதிப்புத் தலைப்பு ஒற்றைச் சொல்: 'காட்சா!' நம் ஊரில் 'மாட்டுனியா!' என்போமே, அந்தத் தொனி. சாவு எண்ணிக்கை பெரிதாக இருக்கும் என்று தெரிந்ததும் அடுத்த பதிப்புகளில் அதைத் தூக்கிவிட்டார்கள். இறந்தவர்கள் 323 பேர். இந்தத் தலைப்பில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கப்பல் தாக்கப்பட்டது உண்மை. அந்தச் செய்தியை எந்த முகத்தோடு சொன்னார்கள் என்பதில்தான் பிழை. தெருமுனைப் பேச்சின் உற்சாகத்தை அப்படியே அச்சில் ஏற்றினால் சில நாள் அது இப்படித்தான் வந்து நிற்கும்.

1989 ஏப்ரலில் நடந்தது இதைவிட மோசம். ஷெபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் பலர் மாண்டார்கள். பின்னாளில் இறந்தவர்களையும் சேர்த்துக் கணக்கு 97. நான்கு நாள் கழித்து ஏப்ரல் 19-ல் சன் முதல் பக்கத்தில் 'உண்மை' என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்டு, ரசிகர்கள் செத்தவர்களின் பையிலிருந்து திருடினார்கள், போலீசார் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று போட்டது. இந்தக் குற்றச்சாட்டு போலீஸ் தரப்பிலிருந்தும் ஒரு எம்.பி.யிடமிருந்தும் ஒரு செய்தி நிறுவனம் வழியாக வந்தது, வேறு பத்திரிகைகளுக்கும் கிடைத்தது. அவற்றில் சில வெளியிடவும் செய்தன, ஆனால் 'போலீசார் குற்றச்சாட்டு' என்று ஆள் காட்டி. சன் அந்த ஆளைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு 'உண்மை' என்று போட்டது. ஒரு சொல் வித்தியாசம்தான். 2012 செப்டம்பரில் சுயேச்சைக் குழுவின் அறிக்கை வந்து எல்லாம் கட்டுக்கதை என்று நிரூபணமான பிறகு முதல் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டார்கள். லிவர்பூலில் அந்தத் தாளை வாங்குவதை நிறுத்தியவர்கள் பலர் இன்றும் வாங்குவதில்லை.

நிருபராகப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்: 'யார் சொன்னது' என்பதைச் சுருக்கத்துக்காக வெட்டாதீர்கள். வேறு எதையும் வெட்டுங்கள், காட்டுத்தீயை வெட்டுங்கள், வலைவீச்சை வெட்டுங்கள்.

சரி, பிராட்ஷீட் என்றால் யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். 1983-ல் ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டன என்று ஆரவாரமாகப் போட்டது சண்டே டைம்ஸ், பெரிய தாள். பெரிய வரலாற்றுப் பேராசிரியரே அசல் என்று சான்று கொடுத்திருந்தார். இரண்டு வாரத்தில் போலி என்று தெரிந்தது. நிதானமான நடையிலும் பொய் சொல்லலாம், அது இன்னும் நம்பும்படி இருக்கும். டெய்லி டெலிகிராபின் பழைய மூன்றாம் பக்கம் இன்னொரு ரகம். படுக்கையறை விவகாரங்கள் நிறைந்த கோர்ட்டு வழக்குகளை, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்வி, சாட்சி சொன்ன பதில் என்று ஒன்று விடாமல், முகத்தில் சிரிப்பே காட்டாமல் போடுவார்கள். ஓய்வுபெற்ற கர்னல்கள் முதலில் திருப்பும் பக்கம் அது என்று பிரிட்டிஷ் பத்திரிகைக்காரர்களே கேலி செய்வார்கள். அதே ரசம், கிண்ணம் மட்டும் வெள்ளி.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1979 செப்டம்பரில் கம்போடியாவில் போல் பாட் ஆட்சி விட்டுப்போன அழிவைப் பற்றி நிருபர் ஜான் பில்ஜர் எழுதியது டெய்லி மிரரில், டேப்லாய்டில். பக்கம் பக்கமாக அந்த ஒரே விஷயம். அதே குட்டை வாக்கியங்கள், அதே பெரிய படங்கள். கிளுகிளுப்புக்குப் பழகிய நடை பசியால் செத்த குழந்தைகளைப் பற்றிச் சொன்னபோது, கனமான பத்திரிகைகளின் வெளியுறவுப் பக்கங்கள் எட்டாத வீடுகளுக்குள் போனது, நன்கொடை குவிந்தது.

டெலிகிராபுக்கும் இந்தப் பாடம் தெரியும். 2009-ல் எம்.பி.க்கள் அரசுப் பணத்தில் செய்த செலவுகளை நாள்தோறும் வெளியிட்டபோது, ஆயிரக்கணக்கான பில்களில் ஊர் நினைவில் நின்றது ஒன்றுதான்: குளத்தில் வாத்துகள் தங்க ஒரு மிதக்கும் வீடு, 1,645 பவுண்டு. அந்தப் பில்லுக்கு அரசு பணம் கொடுக்கவே இல்லை. ஆனாலும் அந்த வாத்து வீடுதான் முழு ஊழலுக்கும் முகமானது. முருகேசனின் 9 பவுன் நகை செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்தது.

காசு வரும் வழிதான் நடையைத் தீர்மானிக்கிறது என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா, அதற்கு இன்னொரு சோதனை லண்டன் மெட்ரோ. 1999-ல் வந்தது, டேப்லாய்டு அளவு, இலவசம். ரயில் நிலையத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள், இருபது நிமிடப் பயணத்தில் படித்து முடிக்கலாம். சின்னத் தாள், சின்னச் செய்திகள், அவசர வாசகர். டேப்லாய்டு நடை பொங்கி வழிந்திருக்க வேண்டும். ஆனால் சன்னோடு ஒப்பிட்டால் மெட்ரோ சாதுவான தாள். கூவவில்லை, கட்சி சேரவில்லை. ஏன்? யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. எதிரே வருகிறவரை மறித்து இழுக்கும் அவசியம் இல்லை, விளம்பரதாரரை முகம் சுளிக்க வைக்காமல் இருந்தால் போதும்.

நம் ஊர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டேப்லாய்டு நடையையும் மஞ்சள் பத்திரிகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். 1940-களில் சென்னையில் லட்சுமிகாந்தன் 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்று நடத்தியவை நடிகர்களின் அந்தரங்கத்தை விற்றவை. 1944-ல் அவர் கொலையானதும், அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று 1947-ல் விடுதலையானதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தாள்களின் சரக்கு வேறு. தந்தி எடுத்துக்கொண்டது போலீஸ் நிலையத்திலும் கோர்ட்டிலும் பதிவான குற்றச் செய்தியை. அதைக் கதைபோலச் சொன்னதுதான் அதன் புதுமை. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். 'கள்ளக்காதல்', 'உல்லாசம்', 'அழகி' போன்ற சொற்கள் பல தாள்களில் பெண்களுக்குச் செய்த அநியாயம் தனியாக எழுத வேண்டிய விஷயம். செத்துப்போன பெண்ணைத் தலைப்பில் 'அழகி' என்று குறிப்பிடும் வழக்கம் எந்த வாசகரின் தேவைக்காகவும் வந்ததல்ல என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இணையம் வந்தபின் சில கணக்குகள் தலைகீழாகிவிட்டன. அச்சில் தலைப்பைச் சுருக்கச் சொன்னது பக்கத்தின் அகலம். திரையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. டெய்லி மெயிலின் இணையதளத்தில் தலைப்பு ஒரு பத்தி நீளத்துக்குப் போகும், கீழே நாலைந்து புள்ளிகளில் முழுக்கதையும் வரும். தமிழிலோ 'பகீர் பின்னணி', 'நடந்தது என்ன?' என்று சேதியை மறைத்து வைப்பது வழக்கமாகிவிட்டது. பழைய போஸ்டரில் 'பலி'யும் எண்ணும் சேர்ந்து சேதியைச் சொல்லிவிட்டுத்தான் வாங்கச் சொல்லும். இப்போதைய தலைப்பு சேதியைச் சொல்லாமல் சொடுக்கச் சொல்கிறது. இதை டேப்லாய்டு நடை என்று சொல்ல எனக்கு மனமில்லை. அச்சில் நிதானமாக இருக்கும் தாள்களின் இணையப் பக்கங்களிலும் இது புகுந்துவிட்டது, ஏனென்றால் அங்கே தினமும், ஒவ்வொரு செய்திக்கும், வாசகரைப் புதிதாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் தெருவில் விற்கும் தாளுக்கு மட்டும் இருந்த கவலை இப்போது எல்லோருக்கும்.

உங்கள் தேர்வுக்கு உதவும்படி ஒன்று சொல்கிறேன். ஏதாவது ஒரு நாள் தந்தி, தினமணி இரண்டையும் வாங்கி, இரண்டிலும் வந்திருக்கும் ஒரே கோர்ட்டுச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் முதல் வாக்கியத்தின் எழுவாய் யார் என்று அடிக்கோடிடுங்கள்; ஆளா, அமைப்பா? பிறகு 'யார் சொன்னது' என்பது எத்தனையாவது வரியில் வருகிறது என்று பாருங்கள். கடைசியில் இரண்டு செய்தியிலும் கடைசிப் பத்தியை மூடிவிட்டுப் படியுங்கள். தினமணிச் செய்தி பெரும்பாலும் அப்படியே நிற்கும், பக்கத்தில் இடமில்லாவிட்டால் செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் கீழிருந்து வெட்டுவார்கள் என்று தெரிந்தே எழுதியது. தந்திச் செய்தியில் கடைசிப் பத்தி போனால் சில சமயம் கதையின் முடிவே போய்விடும்.

அதன் பிறகு தந்திச் செய்தியைத் தினமணி நடையில் மாற்றி எழுதிப் பாருங்கள், அது எளிது. தினமணிச் செய்தியைத் தந்தி நடைக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டம், ஏனென்றால் அதற்கு வேண்டிய முருகேசன் அந்தச் செய்தியில் இருக்கமாட்டார். அவரைத் தேடி நீங்கள்தான் ஊருக்குப் போக வேண்டும்.